பெயின்ட் அடித்த 'ரெடி இன்ஜின்': திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள்

நீடாமங்கலம் பக்கம் சொந்தமாக ஒரு பிக்கப் வைத்து நானே ஓட்டுகிறேன். 2011 மாடல் மகிந்திரா, நாலு சிலிண்டர் டீசல். அறுப்பு நேரத்தில் களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை. மற்ற நாளில் உரம், வைக்கோல், வாழைத்தார். வீட்டில் நாலு பேருக்குச் சோறு போடுவது அந்த வண்டிதான். போன ஆவணியில் அதற்கு இன்ஜின் மாற்றப் போய் 85,000 ரூபாயும் போச்சு, குறுவை சீசனும் போச்சு. டெல்டாவில் என்னை மாதிரி பழைய வண்டியை வைத்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். இன்னொருத்தர் இதே குழியில் விழக்கூடாது. பட்டறையின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்திருந்தது. ஓட விட்டு ஆயில் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று புகை. பிஸ்டன் இடுக்கு வழியாகக் கீழே கசிகிற பேக் கம்ப்ரஷன். எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன், "சிலிண்டரைக் கடைஞ்சு ரீபோர் போட்டு, கிராங்க் ஷாஃப்டைத் தேய்ச்சு கிரைண்டிங் கொடுத்துச் செஞ்சுடலாம். லேத் வேலை முடிய இருபது நாள் பிடிக்கும்" என்றார். கதிர் முற்றி நிற்கிற நேரத்தில் இருபது நாள் வண்டியை நிறுத்த மனம் வரவில்லை. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

விசாரித்ததில் இன்னொரு பட்டறையைக் காட்டினார்கள். "அண்ணே, செஞ்ச இன்ஜின் ரெடியா இருக்கு. உங்க பழசைக் கொடுத்துடுங்க, ரெண்டே நாள்ல வண்டியை எடுத்துட்டுப் போங்க" என்றார் அந்தத் தம்பி. புதுசு மாதிரி சில்வர் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார்கள், சத்தம் பஞ்சு மாதிரி இருந்தது. கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: ரீபோர், புது பிஸ்டன் ரிங், கிராங்க் கிரைண்டிங், 0.25 பேரிங் (கிரைண்டிங் பண்ணிய கிராங்குக்குப் பொருந்தும் சைஸ்), ஹெட் ஃபேசிங். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, "அது போட்டா ரேட் ஏறும்ணே" என்றார். ஆறு மாச வாரன்டி என்று வாயால் சொன்னதோடு சரி.

ஒன்பதாவது நாள் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். அந்த கேட்டில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று இந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். இன்ஜின் நல்ல சூட்டில் ஐடிலிங்கில் ஓடுகிறது. ஆயில் பிரஷர் குறைந்தால் எரிகிற லைட் மினுக் மினுக்கென்று எரிந்தது. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் அணைகிறது, விட்டால் மறுபடி எரிகிறது. பட்டறைக்குப் போன் போட்டேன். "சுவிட்ச் கம்ப்ளெய்ன்ட்டா இருக்கும்ணே, ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்" என்று பதில் வந்தது. நம்பினேன். அன்றைக்கே சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு பிரஷர் மீட்டரை மாட்டிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

பதினேழாவது நாள், முப்பது மூட்டை நெல்லோடு வெண்ணாற்றுப் பாலம் ஏறும்போது அடியில் டொக் டொக்கென்று அடி விழ ஆரம்பித்தது. இழுத்துக்கொண்டு போய் எங்கள் மெக்கானிக் அண்ணனிடமே விட்டேன்.

ஆயிலை இறக்கினார். வெல்லப்பாகு மாதிரி இறங்கியது. கெட்டி ஆயிலை ஊற்றினால் தேய்ந்த பேரிங்கின் சத்தம் அமுங்கிவிடும், கொஞ்ச நாளைக்குப் பிரஷரும் நிற்கும். வாங்குகிறவன் காதுக்கு அதுதான் பஞ்சு மாதிரி கேட்கிறது. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற சம்ப்பைக் கழற்றினார். ஆயில் ஸ்ட்ரெய்னர் வலையில் கேஸ்கெட் பேஸ்ட் துணுக்குத் துணுக்காக அப்பி, பாதி வலை அடைத்திருந்தது. ராட் பேரிங்கைக் கழற்றித் துணியால் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். உள்பக்கம் ஈய நிறம் போய்ச் செம்பு தெரிந்தது. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். 0.25 என்று இருக்க வேண்டிய இடத்தில் எஸ்.டி.டி. என்று பொறித்திருந்தது, அதாவது கிரைண்டிங் பண்ணாத கிராங்குக்குப் போடும் ஒரிஜினல் சைஸ். கிராங்கில் விரலை ஓட்டிப் பார்த்தால் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு. கிரைண்டிங் மிஷினை அந்தக் கிராங்க் பார்க்கவே இல்லை. எங்கிருந்தோ கழற்றிய பழைய இன்ஜினுக்குப் பேஸ்ட்டும் பெயின்ட்டும் போட்டு, என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

காசை விட என்னை வதைக்கிறது இன்னொன்று. இன்ஜின் நம்பர், இன்ஜினின் உடம்பான பிளாக்கில்தான் இருக்கிறது. என் ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸிலும் இருக்கிற நம்பரை என் கையாலேயே எக்ஸ்சேஞ்ச் என்று தூக்கிக் கொடுத்துவிட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவுப்படி இன்ஜின் மாற்றினால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பில்லே இல்லாத இன்ஜினை எங்கே வாங்கியது என்று எப்படிக் காட்டுவேன்? எட்டு வருஷம் தாண்டிய வாடகை வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று). எனக்குத் தையில் வருகிறது.

அதனால் சொல்கிறேன், உங்கள் பிளாக்கைக் கொடுக்காதீர்கள். அது விரிசல் விட்டு உதவாமல் போனால் ஒழிய, ஸ்லீவ் போட்டோ ரீபோர் போட்டோ அதையே செய்துகொள்ளலாம். லேத்துக்குப் போகும்போது கூடவே போங்கள். கிராங்கை மைக்ரோமீட்டரில் அளக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பேரிங் அட்டைப்பெட்டி உங்கள் முன்னால் பிரியட்டும், பின்பக்க சைஸைப் போட்டோ எடுங்கள். ரெடி இன்ஜின்தான் வழி என்றால் சம்ப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், இன்ஜின் நம்பர் போட்ட பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். மறுத்தால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

"தொழிலுக்கு வாங்கினதுக்கெல்லாம் நுகர்வோர் கோர்ட்டு கிடையாது" என்று என்னிடம் சொன்னார்கள். அது பொய். பிழைப்புக்காகத் தானே உழைக்கிற சுயதொழில்காரர் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, பேரிங் போட்டோ எல்லாவற்றையும் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன்.

என் பழைய பிளாக்கில் ஸ்டார்ட்டர் மாட்டும் பக்கம் உடைந்த காது ஒன்றுக்குப் பித்தளை வெல்டிங் வைத்திருக்கும், கட்டைவிரல் அகலத்துக்கு. பெயின்ட் அடித்தாலும் மேடு தெரியும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் யாருக்காவது அந்த அடையாளத்தோடு ஒரு 'ரெடி இன்ஜின்' காட்டினால் வாங்காதீர்கள், எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.