சைஸிங் டையை எவ்வளவு இறக்குவது? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

ஒருமுறை சுட்ட பித்தளைக் கேஸை (தோட்டாவின் காலிக் கூடு) மறுபடி தோட்டாவாக்கும்போது, முழுநீள சைஸிங் டை (கேஸை நெரித்து அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) அதன் ஷோல்டரை (உடல் குறுகிக் கழுத்தாகும் சரிவு) எவ்வளவு பின்னே தள்ளுகிறது என்பதுதான் ஹெட்ஸ்பேஸை, அதாவது சேம்பருக்குள் (துப்பாக்கியில் தோட்டா அமரும் குழி) கேஸுக்கு நீளவாக்கில் இருக்கும் இடைவெளியைத் தீர்மானிக்கிறது. குறைவாகத் தள்ளினால் போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) மூடாது. அதிகமாகத் தள்ளினால் ஒவ்வொரு முறை சுடும்போதும் கேஸ் நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே உள்சுவர் மெலிந்து, கடைசியில் அங்கேயே இரண்டாகப் பிரியும்.

டையோடு வரும் குறிப்புத்தாள் சொல்வது எளிது: ஷெல் ஹோல்டரை (கேஸின் அடியைப் பிடிக்கும் துண்டு) தொடும்வரை டையை இறக்கு, அப்புறம் எட்டில் ஒன்றிலிருந்து கால் சுற்றுவரை கூடுதலாகத் திருகு. கருவி எதுவும் வேண்டாம், தோட்டாவும் அதே வகைத் தோட்டாவுக்கான எந்தத் துப்பாக்கியிலும் அநேகமாக நுழையும். ஆனால் இங்கே ஷோல்டரின் இடத்தை முடிவு செய்வது டையும் ஹோல்டரும்தான். உங்கள் சேம்பருக்கு அதில் பங்கே இல்லை. .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு 'கோ' கேஜ் (இதன்மேல் போல்ட் மூட வேண்டும்) 1.630 அங்குலம், 'நோ-கோ' (இதன்மேல் மூடக் கூடாது) 1.634. இடைவெளி வெறும் 0.004. டையின் மரையோ அங்குலத்துக்கு 14 புரி, அதாவது கால் சுற்றுக்கு ஏறக்குறைய 0.018 அங்குலம். டையைப் பொருத்தும் பிரஸ்ஸின் தளர்வு அதில் ஒரு பகுதியை விழுங்கிவிடும் என்பது உண்மை. இருந்தாலும் இவ்வளவு நுண்ணிய வேலையை இந்தக் கணக்கில் விடுவது எனக்கு ஏற்புடையதல்ல.

இரண்டாவது வழி போல்ட்டின் உணர்வு. ஃபயரிங் பின்னையும் (தோட்டாவை அடிக்கும் ஊசி) எஜெக்டரையும் (கேஸை வெளியே தள்ளும் பாகம்) கழற்றிவிட்டு, டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, காலிக் கேஸை ஒவ்வொரு முறையும் சேம்பரில் போட்டுப் பார்ப்பது. கைப்பிடி லேசான எதிர்ப்போடு இறங்கும் இடமே சரியான இடம். துப்பாக்கியே அளவுகோல் என்பதால் இதில் நேர்மை இருக்கிறது. ஒன்றை மட்டும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்: டை முதலில் கேஸின் உடலைத்தான் அழுத்துகிறது, அதனால் ஷோல்டர் முன்னே நகர்கிறது. பாதி சைஸ் செய்த கேஸ் சுட்ட கேஸைவிட இறுக்கமாக நுழைவது இதனால்தான். பலர் இந்த இடத்தில் டை பழுது என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் இறக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வழியின் குறை, எண் எதுவும் கிடைக்காது. நெக் (கேஸின் கழுத்து) நீண்டுவிட்டாலும் எதிர்ப்பு வரும். அது ஷோல்டரால் வந்ததா என்று விரலுக்குத் தெரியாது.

மூன்றாவது, கேலிப்பரில் கம்பேரேட்டர் (ஷோல்டரில் பொருந்தி அளக்க உதவும் துணைக்கருவி) பொருத்தி அளப்பது. நான் சிபாரிசு செய்வது இதைத்தான். சுட்ட கேஸ்கள் சிலவற்றின் பிரைமரை (அடியில் உள்ள பற்றவைக்கும் மூடி) முதலில் எடுத்துவிடுங்கள், துருத்திய பிரைமர் அளவைக் கெடுக்கும். அடித்தளத்திலிருந்து ஷோல்டர்வரை அளந்து, போல்ட் துப்பாக்கிக்கு 0.001 முதல் 0.002 அங்குலம், தானியங்கி மறுநிரப்பு வகைக்கு 0.003 முதல் 0.004 குறையும்படி டையை வையுங்கள். டையை 5 பாகை திருப்பினால் ஏறக்குறைய 0.001 அங்குலம் நகரும். கிடைக்கும் எண் ஒப்பீட்டு எண்தான். வேறொருவரின் கம்பேரேட்டர் எண்ணோடு அதைப் பொருத்திப் பார்க்கக் கூடாது. லேசான லோடில் (குறைந்த வெடிமருந்தில்) ஒரே முறை சுட்ட கேஸ் சேம்பரை முழுதாக நிரப்பியிருக்காது, எனவே இரண்டு மூன்று முறை சுட்டதை அளப்பது நல்லது.

டையைத் திருகப் பிடிக்காதவர்களுக்கு ரெட்டிங் நிறுவனம் 0.002 முதல் 0.010 அங்குலம்வரை படிப்படியாக உயரம் கூடும் ஷெல் ஹோல்டர்களை விற்கிறது. டை ஹோல்டரை அழுத்தமாகத் தொட்டபடியே இருப்பதால் அளவு சீராக வரும். லாக் ரிங்கை (டையை அசையாமல் பிடிக்கும் வளையம்) இறுக்கிப் பூட்டுபவருக்கு இது கட்டாயமில்லை.

நெக்கை மட்டும் சைஸ் செய்வதும் ஒரு மாற்றுதான், ஆனால் சில சுற்றுகளில் கேஸ் இறுகிப்போய் முழுநீள டையிடமே திரும்பி வர வேண்டியிருக்கும். பெல்ட் (அடிப்பகுதியில் தடித்த வளையம்) உள்ள மேக்னம் கேஸ்களையும், பெல்ட்டை நம்பாமல் ஷோல்டரிலிருந்தே அளந்து அமைப்பது கேஸின் ஆயுளைக் கூட்டும்.

டையை அசைக்காமலே அளவு கேஸுக்குக் கேஸ் 0.003 அங்குலம் மாறுகிறதா? டையைத் தொடாதீர்கள். முதலில் லூப் (கேஸில் பூசும் மசகு) ஒரே சீராகப் பூசப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் பித்தளை இறுகிப்போய் ஷோல்டர் திரும்ப எழும்புகிறது; அனீலிங் (சூடாக்கிப் பித்தளையை இளக்குவது) செய்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.