நகச்சொத்தை மாத்திரை வாங்கும் முன் இரவு மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

பூஞ்சைத் தொற்றுக்கு மாத்திரை எழுதும்போது "வேற என்ன மாத்திரை போடுறீங்க?" என்று கேட்காமலே அனுப்பிவிடுவது சாதாரணமாகிவிட்டது. கேட்டாலும் பேச்சு சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு நின்றுவிடுகிறது. பாத எரிச்சலுக்காகப் படுக்கப்போகும்போது போடும் சின்ன மாத்திரை யார் கணக்கிலும் வருவதில்லை. சிக்கல் அந்தச் சின்ன மாத்திரையில்தான்.

சர்க்கரை நோய் உள்ளவர்களில் பலருக்குக் கால் நகத்தில் பூஞ்சையும் பாதத்தில் நரம்பு எரிச்சலும் சேர்ந்தே இருக்கும். நகத்துக்குத் தோல் மருத்துவர், எரிச்சலுக்கு நரம்பு மருத்துவர். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. இரண்டு சீட்டையும் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்புள்ள ஒரே இடம் மருந்துக்கடை. அங்கேயும் மாத்திரையை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டால், ஏமாந்து போவது நோயாளிதான்.

பிறகு நடப்பது இதுதான். இரவில் நரம்பு எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் 25 மி.கி., தொல்லையில்லாமல் பல மாதமாக ஓடிக்கொண்டிருக்கும். அதன்மேல் நகத்துப் பூஞ்சைக்கு டெர்பினாஃபின் 250 மி.கி., தினம் ஒன்று, 12 வாரம். முதல் சில நாள் ஒன்றும் தெரியாது. போகப்போக நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வாய் வறளும். காலையில் கட்டிலை விட்டு எழும்போது கண் இருட்டும். மலம் இறுகும், சிறுநீர் முக்கினால்தான் வரும், நெஞ்சு படபடக்கும். வயதானவர் என்றால் நேற்று சொன்னதையே திரும்பக் கேட்பார், குழறிப் பேசுவார். கொண்டுபோய்க் காட்டினால் "வயசாகுது, சர்க்கரை ஏறியிருக்கும்" என்ற பதிலோடு தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை, மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து. தலைசுற்றலுக்குத் தரும் சில மாத்திரைகள் வாய் வறட்சியையும் சிறுநீர்த் தேக்கத்தையும் இன்னும் கூட்டுபவை. விஷயம் தெரிந்தவர்கள் செய்யக்கூடாத தவறு இது.

காரணம் கல்லீரலில் இருக்கிறது. சிஒய்பி 2டி6 என்ற நொதிதான் அமிட்ரிப்டிலின் குடும்பத்து மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் முக்கிய வழி. டெர்பினாஃபின் அந்த வழியை அழுத்தி அடைத்துவிடுகிறது. அதே குடும்பத்து டெசிப்ரமினை டெர்பினாஃபினோடு ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் அதன் உச்ச அளவு 2 மடங்காகவும், உடல் எதிர்கொண்ட மொத்த அளவு 5 மடங்காகவும் ஏறியது. அமிட்ரிப்டிலினுக்கு வேறு வெளியேறும் வழிகளும் உண்டு என்பதால் அதே 5 மடங்கை அப்படியே அதற்குப் பொருத்த முடியாது. ஆனால் உடலுக்குள் அது நார்ட்ரிப்டிலினாக மாறுகிறது, நார்ட்ரிப்டிலின் பெரும்பாலும் இந்த நொதியை நம்பித்தான் இருக்கிறது. விழுங்கியது ஒரே மாத்திரைதான், ரத்தத்தில் சேர்ந்திருப்பதோ அதைவிட அதிகமாகிவிடலாம்.

டெர்பினாஃபினை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்புவது அடுத்த பிழை. அது கொழுப்பிலும் தோலிலும் நகத்திலும் தங்கிக்கொண்டு மெல்லக் கசியும். உடலில் எஞ்சியது பாதியாகக் குறைய எடுக்கும் நேரம் (கடைசிக் கட்ட அரை ஆயுள்) 200 முதல் 400 மணி நேரம். மேலே சொன்ன டெசிப்ரமின் சோதனையில், மாத்திரையை நிறுத்தி 4 வாரம் கழித்தும் பாதிப்பு தொடர்ந்தது. எனவே இடையில் குறைத்த நரம்பு வலி மருந்தை, நிறுத்திய மறுவாரமே பழைய அளவுக்கு ஏற்றக்கூடாது. இன்னொரு பக்கமும் உண்டு: நொதி மெதுவாக மீளும்போது மருந்தின் அளவு இறங்கி எரிச்சல் திரும்பலாம். அதை நோய் முற்றியதாக நினைத்துப் புது மருந்து சேர்ப்பது வீண்.

டிரமடால் என்ற வலி மாத்திரையில் கதை தலைகீழ். அது வலியை அடக்க முக்கியமாக 2டி6 நொதியால் மாறியாக வேண்டும். டெர்பினாஃபின் அதைத் தடுத்தால் வலி சரியாகக் குறையாது. வலி குறையவில்லை என்று மாத்திரையைக் கூட்டினால் வலிப்பு வரும் ஆபத்துதான் கூடும். நரம்பு வலிக்குத் தரும் டுலாக்செடினும் ஓரளவு இந்த நொதியைச் சார்ந்ததே.

இன்னொரு பூஞ்சை மாத்திரையான ஃப்ளூகோனசோல் வேறு நொதிகளைத் தடுக்கிறது. சிஒய்பி 2சி19 அவற்றில் ஒன்று, அமிட்ரிப்டிலின் அந்த வழியிலும் போகிறது. ஃப்ளூகோனசோல், அமிட்ரிப்டிலின் இரண்டுமே இசிஜியில் தெரியும் க்யூடி இடைவெளியை நீட்டி, இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கக்கூடியவை. இதய நோய் இருந்தாலோ பொட்டாசியம் குறைவாக இருந்தாலோ இசிஜி எடுக்காமல் சேர்க்கவே கூடாது. ஃப்ளூகோனசோலின் தடுப்பு, அதை நிறுத்திய 4, 5 நாளில் விலகிவிடும்.

முகநரம்பு வலிக்குக் கார்பமசெபின் எடுப்பவருக்கு இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை கொடுத்தால் இரண்டு பக்கமும் நஷ்டம். கார்பமசெபின் ஏறி, பார்வை இரண்டாகும், நடை தள்ளாடும். இட்ராகோனசோலோ கார்பமசெபினால் வேகமாகச் சிதைந்து பூஞ்சையை அடக்கும் அளவுக்கு ரத்தத்தில் நிற்காது. படர்தாமரை போகவில்லையே என்று மாதக்கணக்கில் அதையே விழுங்குவார்கள். வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்தோடு கார்பமசெபின் கூடவே கூடாது.

நரம்பு வலி மருந்துகளான காபாபென்டினும் பிரிகாபலினும் கல்லீரலில் சிதைவதில்லை, சிறுநீரகம் வழியாக அப்படியே வெளியேறும். பூஞ்சை மாத்திரைகளோடு இந்த வகை மோதல் இவற்றுக்கு இல்லை. இதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். அட்டையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் வணிகப் பெயர். பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்தால் "பிரிகாபலின் 75 மி.கி., நார்ட்ரிப்டிலின் 10 மி.கி." என்று இருக்கும். பாதுகாப்பான மருந்து என்று நினைத்து வாங்கியதற்குள்ளேயே மோதும் மருந்து உட்கார்ந்திருக்கிறது. கூட்டு மாத்திரைகளில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

12 வார மாத்திரை தொடங்குமுன் நகத்தைச் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். தடித்து மஞ்சளான நகமெல்லாம் பூஞ்சை அல்ல, சொரியாசிஸும் பழைய அடியும் அப்படியே காட்டும். பூஞ்சைதான் என்று உறுதியானால், லேசான தொற்றுக்கு அமரோல்ஃபின் போன்ற நகப்பூச்சு போதுமா என்று கேளுங்கள். தோலில் பூசும் டெர்பினாஃபின் களிம்பு ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும், அதற்கு இந்தக் கவலை இல்லை. மாத்திரைதான் வேண்டும் என்றால், நரம்பு வலி மருந்தின் அளவைக் குறைப்பதா மாற்றுவதா என்பதை இரு மருத்துவர்களும் பேசி முடிவு செய்யட்டும். நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். கார்பமசெபினைத் திடீரென நிறுத்தினால், வலிப்பு நோய் உள்ளவருக்கு வலிப்பே வந்துவிடலாம்.

மயங்கி விழுந்தால், சிறுநீர் அடைத்துக்கொண்டால், வலிப்பு வந்தால், நெஞ்சுத் துடிப்பு தாறுமாறானால் அவசர சிகிச்சைக்குப் போங்கள். கையில் இரண்டு அட்டைகளையும் எடுத்துப் போங்கள். பூஞ்சை மாத்திரை முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தாலும் அதன் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் அங்கே முதலில் சொல்லுங்கள்.