சின்ன மாடுலர் பெட்டிக்கு எந்த எஃப்எம் மாட்யூல்? நீண்ட நாள் பயன்படுத்தியபின் என் கருத்து

தனித்தனி மாட்யூல்களைக் கேபிளால் இணைத்து வாசிக்கும் மாடுலர் சிந்தசைசர் பெட்டி என்னுடையது. ஒற்றை வரிசை, அகலம் 84 எச்பி. ஒரு எச்பி 5.08 மில்லிமீட்டர், மொத்தம் 43 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒலி பிறப்பது, தாளம் ஓடுவது, எல்லாம் கலந்து வெளியே வருவது, அத்தனையும் இதற்குள்ளேயே நடந்தாக வேண்டும். இப்படிப்பட்ட பெட்டிக்கு எஃப்எம் (ஒரு அலையின் அதிர்வெண்ணை இன்னொரு அலையால் அசைத்து ஒலி உண்டாக்கும் முறை) மாட்யூல் தேடுபவர்கள் பெரும்பாலும் எத்தனை ஆபரேட்டர் (அலை உண்டாக்கும் அலகு) என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பல வருடம் வாசித்தபின் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: இண்டெக்ஸை, அதாவது அந்த அசைவின் ஆழத்தை, நேரத்தோடு ஏற்றி இறக்கும் ஒரு என்வலப் அந்த மாட்யூலுக்குள்ளேயே இருக்கிறதா?

காரணத்தைச் சொல்கிறேன். ஒரு சைன் அலையின் அதிர்வெண்ணை இன்னொரு சைன் அலையால் வேகமாக ஏற்றி இறக்கினால் புதுப்புது ஸ்வரக்கூறுகள் பிறக்கும் என்பதை 1967-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கவனித்தார். 1973-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1983-இல் யமஹாவின் டிஎக்ஸ்7 வழியாக அது உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது. அந்தக் கீபோர்டின் ஆறு ஆபரேட்டர்களைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஆனால் அதன் எலெக்ட்ரிக் பியானோவுக்கும் மணி ஓசைக்கும் உயிர் கொடுத்தது, ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் தனித்தனி என்வலப் இருந்ததுதான்.

ஒரு உதாரணம். அசைக்கப்படும் அலையான கேரியர் 200 ஹெர்ட்ஸ், அதை அசைக்கும் மாடுலேட்டர் 280 ஹெர்ட்ஸ், அதாவது ரேஷியோ 1-க்கு 1.4. இண்டெக்ஸ் பூஜ்யமாக இருந்தால் வெறும் சைன். கொஞ்சம் ஏற்றினால் மேல்பக்கம் 480, 760 என்று கூறுகள் முளைக்கும். கீழ்ப்பக்கம் 200-இலிருந்து 280-ஐக் கழித்தால் மைனஸ் 80 வரும். அது காதுக்கு 80 ஹெர்ட்ஸாகவே கேட்கும், அடுத்தது 360. இவற்றில் எதுவும் 200-இன் முழு மடங்கு இல்லை, அதனால்தான் உலோகத்தைத் தட்டிய மாதிரி இருக்கிறது. இண்டெக்ஸ் 2.4-ஐ நெருங்கும்போது 200 ஹெர்ட்ஸே மறைந்துபோகும். நாபை மெதுவாகத் திருப்பினால் அந்த இடத்தைக் காது தெளிவாகப் பிடிக்கும். இப்போது அதே இண்டெக்ஸை 5-இல் தொடங்கி, ஓரிரு விநாடியில் பூஜ்யத்துக்கு இறக்கிப் பாருங்கள். தட்டிய நொடியில் கூர்மை, அப்புறம் ஒவ்வொரு கூறாக அடங்கி, கடைசியில் ஒரு சுத்தமான சைன். மணி கிடைத்துவிட்டது, இரண்டே ஆபரேட்டரில். இண்டெக்ஸை அசைக்காமல் விட்டால் ஆறு ஆபரேட்டர் இருந்தாலும் ஒலி விறைத்துத்தான் நிற்கும்.

நான் தொடங்கியது இரண்டு தனி அனலாக் ஆஸிலேட்டர்களோடு. கேரியராக வைப்பது த்ரூ-ஜீரோ வகையாக இருக்க வேண்டும். சாதாரண எக்ஸ்பொனென்ஷியல் எஃப்எம்மில் (ஆக்டேவ் கணக்கில் அசைப்பது) ஆழத்தைக் கூட்டக் கூட்ட சுருதியே நகர்ந்துவிடும். லீனியர் வகையில் (ஹெர்ட்ஸ் கணக்கில் அசைப்பது) அது குறையும். ஆனால் மாடுலேட்டர் அதிர்வெண்ணைப் பூஜ்யத்துக்குக் கீழே இழுக்கும்போது அலை அங்கேயே நின்றுவிடும். த்ரூ-ஜீரோவில் நிற்காமல் பின்னோக்கி ஓடும், ஆழமான இண்டெக்ஸிலும் சுருதி நிலைக்கும். மாடுலேட்டரில் டிசி ஆஃப்செட் (மாறாத ஒரு வோல்ட்டேஜ்) கலந்திருந்தால் இதிலும் சுருதி விலகும் என்பதால், அதை வடிகட்டிவிடும் ஏசி கப்ளிங் உள்ள எஃப்எம் இன்புட்டையே தேர்ந்தெடுங்கள்.

அந்த ஜோடியை நான் இன்னும் நேசிக்கிறேன். 1-க்கு 2 வைத்தால் ஒற்றைப்படை ஹார்மோனிக் மட்டும் வந்து கிளாரினெட் சாயல் கிடைக்கும். அங்கே கேரியர் 200-ஆக இருந்து, மாடுலேட்டர் 400-க்குப் பதில் 401-இல் நின்றால், கீழே மடங்கி வரும் கூறு 201 ஹெர்ட்ஸில் விழுந்து, 200-உடன் சேர்ந்து விநாடிக்கு ஒரு தடவை மெல்ல அலையும். மூச்சு விடுவது போன்ற அந்த அசைவு, ரேஷியோவைக் குறிப்பிட்ட படிகளில் பூட்டிவைக்கும் டிஜிட்டல் மாட்யூல்களில் தானாக வராது. ஆனால் இரண்டு ஆஸிலேட்டர், இண்டெக்ஸுக்கு ஒரு விசிஏ (வோல்ட்டேஜால் அளவைக் கட்டுப்படுத்தும் மாட்யூல்), அதற்கு ஒரு என்வலப், ஒலி அளவுக்கு இன்னொரு ஜோடி என்று சேர்த்தால் வரிசையில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. கேபிள்களுக்கு நடுவே நாபைத் தேட வேண்டிய நிலை.

அதனால் இன்று என் பெட்டியில் நிரந்தரமாக இருப்பது மியூட்டபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் பிளெய்ட்ஸ், 12 எச்பி. அதன் பல மாடல்களில், அதாவது ஒலி உண்டாக்கும் முறைகளில், ஒன்றுதான் இரண்டு ஆபரேட்டர் எஃப்எம். ஹார்மோனிக்ஸ் நாப் ரேஷியோவுக்கு, டிம்பர் இண்டெக்ஸுக்கு, மார்ஃப் ஃபீட்பேக்குக்கு (வெளிவரும் அலையைத் திரும்ப உள்ளே செலுத்துவது). ஒலியைத் தட்டி எழுப்பும் ட்ரிகர் இன்புட்டில் கேபிள் செருகி, டிம்பர் இன்புட்டை வெறுமனே விட்டால், டிம்பரின் அட்டெனுவெர்ட்டர் (வரும் வோல்ட்டேஜைக் குறைக்கவோ தலைகீழாக்கவோ உதவும் நாப்) உள்ளே இருக்கும் டிகே என்வலப்பின், அதாவது தணிந்து இறங்கும் என்வலப்பின், அளவாக மாறிவிடுகிறது. மேலே சொன்ன மணி ஒரே மாட்யூலில், சுருதிக்கும் ட்ரிகருக்கும் இரண்டே கேபிளில் வந்துவிடும். பட்டனை அழுத்திக்கொண்டு மார்ஃபைத் திருப்பினால் டிகே நீளும், குறுகும். பின்னாளில் வந்த ஃபர்ம்வேரில் (மாட்யூலின் உள் நிரல்) ஆறு ஆபரேட்டர் மாடலும் சேர்ந்தது. நல்ல ஒலிகள்தான், ஆனால் தயாராக இருக்கும் ஒலிகளுக்குள் தேடுவதைவிட, இரண்டு ஆபரேட்டரை நானே செதுக்குவதில்தான் எனக்குத் திருப்தி.

நிறுவனம் 2022-இல் மூடப்பட்டாலும், வடிவமைப்பும் நிரலும் திறந்த மூலம் என்பதால் பிறர் செய்த பதிப்புகள் கிடைக்கின்றன. இன்னும் குறுகிய பேனலிலும் உண்டு. அப்படி வாங்குவதாக இருந்தால், அந்த டிம்பர் அட்டெனுவெர்ட்டரை விரலால் வசதியாகத் திருப்ப முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாசிக்கும்போது கை அதிகம் போகும் இடம் அதுதான்.

இடம் தாராளமாக இருப்பவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. மேக் நாய்ஸின் டிபிஓ என்ற இரட்டை ஆஸிலேட்டர் 28 எச்பி, என் வரிசையில் சரியாக மூன்றில் ஒரு பங்கு, ஒலி அபாரம். ஏஎல்எம்மின் அகெமீஸ் காஸில் யமஹா எஃப்எம் சிப்பையே வைத்துச் செய்தது. அந்தச் சொரசொரப்பு வேண்டுமென்றால் வேறெதுவும் ஈடாகாது, ஆனால் அகலம் அதிகம். ஹம்பிள் ஆடியோவின் குவாட் ஆபரேட்டரில் நான்கு ஆபரேட்டர்களையும் ஒன்றோடொன்று எப்படி வேண்டுமானாலும் இணைக்கலாம். அதைச் சுற்றி ஒரு பெட்டியையே கட்டலாம்.

பிளெய்ட்ஸில் ஒரு இக்கட்டு இருக்கிறது. மாடுலேட்டர் 1000 ஹெர்ட்ஸ், இண்டெக்ஸ் 5 என்றால் ஒலி கிட்டத்தட்ட 12,000 ஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவும். அதனால் மேல் ஸ்தாயிக்குப் போகப் போக இண்டெக்ஸ் குறைய வேண்டும், இல்லையென்றால் காதைக் கிழிக்கும். டிஎக்ஸ்7-இல் இதற்குக் கீபோர்ட் ஸ்கேலிங் உண்டு. மாடுலரில், சுருதி வோல்ட்டேஜின் ஒரு நகலைத் தலைகீழாக்கி டிம்பர் இன்புட்டில் கொடுக்கலாம். ஆனால் அங்கே கேபிள் செருகிய உடனேயே உள் என்வலப் டிம்பரை விட்டு விலகிவிடுகிறது. எனவே பக்கத்தில் குறுகலான ஒரு அட்டெனுவெர்ட்டர் மிக்ஸரும் ஒரு சின்ன என்வலப்பும் வைத்திருக்கிறேன். என்வலப்பும் தலைகீழ் சுருதியும் அதில் கலந்து ஒரே கேபிளாக டிம்பருக்குப் போகின்றன. தாழ்ந்த ஸ்தாயியில் மட்டும் வாசிப்பவர்களுக்கு இது தேவைப்படாது. மூன்று ஆக்டேவுக்கு மேல் ஓடும் மெலடி வாசிப்பவர்கள், பிளெய்ட்ஸின் 12 எச்பியோடு இந்த இரண்டுக்கும் சேர்த்து இடம் ஒதுக்கிவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.