உப்பு நீச்சல் குளம் வைத்திருப்பவர்களுக்கு: டெய்லர் கே-2006 பரிசோதனைப் பெட்டி

உப்புநீர் நீச்சல் குளம் என்றால் அதில் குளோரின் இல்லை, ஆகவே பராமரிப்பும் இல்லை என்ற எண்ணம் டெக்சஸில் புதிதாக வீடு வாங்கும் நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது. உண்மையில் அதுவும் குளோரின் குளம்தான். கடைக் குளோரினை ஊற்றுவதற்குப் பதிலாக, குழாய் வழியில் பொருத்தப்பட்ட செல் எனும் மின்பகுப்புக் கலத்தில் ருத்தீனியம் ஆக்சைடு போன்ற பூச்சு கொண்ட டைட்டானியம் தகடுகளுக்கிடையே மின்சாரம் பாய்ந்து, நீரில் கரைந்துள்ள உப்பிலிருந்து குளோரின் அங்கேயே உருவாகிறது. அந்தச் செல்லின் திரை பெரும்பாலும் உப்பின் அளவை மட்டுமே காட்டும். கட்டற்ற குளோரின் (கிருமி கொல்லத் தயாராக உள்ள குளோரின்), பி.எச். (அமில-கார அளவு), மொத்தக் காரத்தன்மை (பி.எச். மாற்றத்தைத் தாங்கும் திறன்), கால்சியக் கடினத்தன்மை, சயனூரிக் அமிலம் (வெயிலிலிருந்து குளோரினைக் காப்பது) ஆகிய ஐந்தையும் வீட்டுக்காரர்தான் அளந்தாக வேண்டும். சான் அன்டோனியோவில் எங்கள் வீட்டுக் குளத்துக்கு அந்த வேலையை டெய்லர் நிறுவனத்தின் கே-2006 பெட்டியைக் கொண்டு செய்துவருகிறேன். உப்புக் குளம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் செல்லுக்கு அடுத்தபடியாகப் பணம் செலவிட வேண்டிய பொருள் இதுவே என்பது என் உறுதியான கருத்து.

இப்பெட்டியின் சிறப்பு அதன் குளோரின் சோதனையில் இருக்கிறது. மலிவான பெட்டிகளில் இளஞ்சிவப்பு நிறத்தின் அடர்த்தியை அட்டையோடு ஒப்பிட்டு ஊகிக்க வேண்டும். குளோரின் மிக அதிகமாகிவிட்டால் அந்த நிறமே வெளுத்துப்போய், குளோரின் இல்லவே இல்லை என்பதுபோல் காட்டிவிடும். கே-2006இல் 10 மில்லிலிட்டர் நீரில் பொடியைக் கலந்தால் தோன்றும் இளஞ்சிவப்பு நிறம் முற்றிலும் மறையும்வரை மற்றொரு திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும். ஒவ்வொரு சொட்டும் 0.5 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு நீரில் அரைப் பங்கு குளோரின். நிறத்தை ஒப்பிடும் குழப்பத்துக்கு இதில் இடமில்லை. அதே நீரில் இன்னொரு திரவத்தை விட்டால் மீண்டும் நிறம் வருகிறதா என்பதைக் கொண்டு, வியர்வை போன்ற கழிவுகளோடு சேர்ந்து பயனிழந்த குளோரின் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். வாங்கும்போது எண்ணைக் கவனமாகப் பார்க்க வேண்டும்: கே-2005 இதைப் போலவே தோற்றமளித்தாலும் அதில் இருப்பது பழைய நிற ஒப்பீட்டு முறைதான்.

குளோரின் எண் மட்டும் தனித்து நின்று எதையும் சொல்லிவிடாது. நேரடி வெயிலில், பாதுகாப்பற்ற குளோரினில் பாதி ஒரு மணி நேரத்துக்குள் அழிந்துவிடும். அதைக் காப்பது சயனூரிக் அமிலம். ஆனால் அந்த அமிலம் கூடக் கூடக் குளோரினின் கிருமி கொல்லும் வேகம் குறைகிறது. ஆகவே உப்புக் குளத்தில் சயனூரிக் அமிலம் 70 பி.பி.எம். இருந்தால் கட்டற்ற குளோரின் அதில் ஏறத்தாழ 5 சதவீதமான 3.5 பி.பி.எம்.முக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது அனுபவமுள்ளவர்கள் பின்பற்றும் கணக்கு. இந்தக் கணக்கைப் போடுவதற்கு, நீரில் நனைத்து நிறம் பார்க்கும் சோதனைப் பட்டைகள் உதவுவதில்லை. பல பட்டைகளில் சயனூரிக் அமிலத்துக்கான நிறங்கள் 30 முதல் 50, பிறகு 100, பிறகு 150 என்று தாவுகின்றன; 70க்கும் 100க்கும் இடையிலான வேறுபாடு தெரியாமல் செல்லின் குளோரின் உற்பத்தியை எத்தனை சதவீதத்தில் வைப்பது என்று முடிவு செய்ய இயலாது. கே-2006இல் குளத்து நீரையும் வினைத்திரவத்தையும் சம அளவில் கலந்து, கலங்கிய அந்நீரைச் சோதனைக் குழாயில் மெல்ல ஊற்றிக்கொண்டே வந்து, அடியிலுள்ள கரும்புள்ளி மறையும் இடத்தில் அளவைப் படிக்க வேண்டும். சூரியனுக்கு முதுகு காட்டி, வெளிச்சமான திறந்த வெளியில் நின்று செய்தால்தான் இது சரியாக வரும். ஐந்து சோதனைகளில் கண்ணைப் பெரிதும் நம்பியிருப்பதும் அதனால் பிழைக்கு அதிக இடம் தருவதும் இதுதான். இரண்டு முறை ஊற்றிப் பார்த்து இரண்டும் ஒத்துவந்தால் ஏற்றுக்கொள்ளலாம்.

உப்புக் குளத்துக்காரர்களை அதிகம் அலைக்கழிப்பது பி.எச். ஏற்றம். செல்லில் குளோரினோடு ஹைட்ரஜன் குமிழிகளும் உண்டாகின்றன. அவை நீரில் கரைந்துள்ள கரியமில வாயுவை வெளியேற்றுவதால் பி.எச். தானாகவே மேலே ஏறிக்கொண்டிருக்கும். காரத்தன்மை எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாக அது ஏறும். காரத்தன்மை 80 முதல் 120 வரை இருக்க வேண்டும் என்ற பொது விதியைப் பிடித்துக்கொண்டு சோடா உப்பைக் கொட்டுவதும், அடுத்த வாரமே ஏறிய பி.எச்.சை இறக்க மியூரியாட்டிக் (ஹைட்ரோகுளோரிக்) அமிலம் ஊற்றுவதும், அந்த அமிலம் காரத்தன்மையைக் குறைத்துவிட்டதென்று மீண்டும் சோடா உப்பு வாங்குவதுமாகப் பல வீடுகளில் பணம் கரைகிறது. காரத்தன்மையை 60 முதல் 70 வரை இறங்கவிட்டு அங்கேயே நிறுத்தினால் பி.எச். 7.6க்கும் 7.8க்கும் இடையே வெகு நாள் நிலைத்திருப்பதை என் குளத்தில் கண்டிருக்கிறேன். இதற்குத் தேவையான துல்லியத்தை இப்பெட்டி தருகிறது: பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும்வரை எண்ணும் ஒவ்வொரு சொட்டும் 10 பி.பி.எம். பி.எச். சோதனையில் கூடுதலாக அமிலத் தேவையைச் சொட்டுகளால் கணக்கிடும் திரவமும் இருப்பதால், எவ்வளவு அமிலம் ஊற்றுவது என்பதற்கும் விடை அங்கேயே கிடைத்துவிடுகிறது. குளோரின் 10 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கும்போது மட்டும் பி.எச். அளவை நம்பக் கூடாது. அது பொய்யாக உயர்ந்து காட்டும்.

எங்கள் ஊருக்கு இன்றியமையாதது கால்சியச் சோதனை. சான் அன்டோனியோவின் குடிநீரில் பெரும்பகுதி எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர்த்தேக்கத்தின் சுண்ணாம்புப் பாறைகளுக்கிடையிலிருந்து வருவதால் அதன் கடினத்தன்மை இயல்பாகவே அதிகம். கோடையில் நீர் ஆவியாகும், சுண்ணாம்பு ஆவியாகாது. குறைந்த நீரை ஈடுசெய்ய ஊற்றும் குழாய் நீர் மேலும் சுண்ணாம்பைக் கொண்டுவருகிறது. குளத்தின் மற்ற இடங்களைவிடச் செல்லின் எதிர்மின்முனைத் தகட்டருகே பி.எச். மிக உயர்வாக இருப்பதால், சுவரில் படியும் முன்பே அங்கே வெண்படிவு தொடங்கிவிடும். தகடுகளை அடிக்கடி அமிலத்தில் கழுவினால் விலையுயர்ந்த பூச்சு தேய்ந்துபோகும். சிவப்பு நீலமாக மாறும்வரை சொட்டுகளை எண்ணும் இச்சோதனையை மாதம் ஒருமுறை செய்து, கால்சியம் ஏறியிருந்தால் அதற்கேற்ப பி.எச்.சையும் காரத்தன்மையையும் சற்றுத் தாழ்த்தி வைப்பதே செல்லின் ஆயுளைக் காக்கும் வழி.

அடிப்படைப் பெட்டியில் உப்புச் சோதனை கிடையாது. அதைச் சேர்த்த கே-2006 சால்ட் என்ற வடிவமும், தனியாக கே-1766 என்ற சிறு பெட்டியும் கிடைக்கின்றன. திரைதான் உப்பைக் காட்டுகிறதே என்று இதைத் தவிர்க்க வேண்டாம். திரையில் தெரிவது மின்னோட்டத்தையும் வெப்பநிலையையும் கொண்டு கணித்த எண் மட்டுமே; தகடுகளில் சுண்ணாம்பு படிந்தாலும், செல் முதுமையடைந்தாலும் அது குறைவாகக் காட்டும். அதை நம்பி மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டிவிட்டால், குளத்து நீரில் ஒரு பகுதியை வெளியேற்றி நன்னீர் நிரப்புவதே நடைமுறையில் உள்ள தீர்வு. வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டாக விட்டு, மஞ்சள் நீர் செங்கல் நிறமாக மாறும்போது ஒரு சொட்டுக்கு 200 பி.பி.எம். என்று கணக்கிடும் சோதனை, திரை சொல்வது மெய்யா என்பதைத் தெளிவாக்கிவிடும். அத்திரவம் தோலிலும் துணியிலும் கறை படிய வைக்கும், சோதனையில் சேரும் குரோமேட் நச்சுப்பொருள்; குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்பதும், சோதித்த நீரைக் குளத்தில் திரும்ப ஊற்றாதிருப்பதும் கட்டாயம்.

குறைகளும் உண்டு. சாதாரணப் பெட்டியின் குப்பிகள் சிறியவை. கோடையில் அடிக்கடி குளோரின் அளப்பவர்களுக்கு அவை விரைவில் தீர்ந்துவிடும். பெரிய குப்பிகள் கொண்ட கே-2006சி வாங்கி, உப்புக்குத் தனிப்பெட்டி சேர்த்துக்கொள்வது நீண்ட நாள் நோக்கில் சிக்கனமானது. குப்பியைச் சாய்க்காமல் நேராகப் பிடிக்காவிட்டால் சொட்டின் அளவு மாறி எண்ணிக்கை பிழைத்துவிடும் என்பதும் பழகும்வரை தொல்லைதான். காந்தக் கலக்கியைத் தனியாக விற்கிறார்கள். ஒரு கையால் குழாயைச் சுழற்றிக்கொண்டே மறுகையால் சொட்டுவிடும் சிரமத்தை அது நீக்குவதால் அதையும் வாங்குமாறு பரிந்துரைக்கிறேன். டெக்சஸ் கோடையில் கராஜிலோ குளத்தருகேயோ பெட்டியை வைத்தால் திரவங்கள் கெட்டுப்போகும். வீட்டுக்குள் நிழலான அலமாரியில் வைத்து, ஒவ்வோர் ஆண்டும் குளிக்கும் பருவம் தொடங்கும் முன் குளோரின் பொடியையும் திரவங்களையும் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டும். அவை தனித்தனியாகவே விற்கப்படுகின்றன.