மாத்திரை தர இயந்திரமா, மருந்தாளுநரா?

வேலூர் சத்துவாச்சாரியில் மருந்துக்கடை போட நினைக்கும் என் மச்சான் கேட்டார்: "ஏடிஎம் மாதிரி மாத்திரை தரும் இயந்திரம் வைத்தால் சம்பளம் மிச்சம்தானே?" சரி, பார்ப்போம்.

நேரம்: இயந்திரம் இரவு 2 மணிக்கும் விழித்திருக்கும். ஆள் தூங்குவார்.

செலவு: ஆளுக்கு மாதச் சம்பளம். இயந்திரத்துக்கு முதலிலேயே பெரிய தொகை, அப்புறம் பராமரிப்பு. வேலூர் வெயிலில் குளிரூட்டாத பெட்டியில் மருந்து வைக்க முடியாது.

மொழி: வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வருபவர்களுக்குத் திரையில் வங்காளமே காட்டலாம். நம் கடைக்காரர் கையை ஆட்டியே சமாளிக்கிறார்.

சட்டம்: இங்கேதான் சிக்கல். 1945 மருந்து விதிகளின் 65ஆம் விதிப்படி, மருத்துவர் சீட்டுக்குத் தரும் மருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் தர வேண்டும். எச்1 (கூடுதல் கட்டுப்பாடுள்ள பட்டியல்) மருந்தென்றால் நோயாளி, மருத்துவர் விவரம் தனிப் பதிவேட்டில் ஏறி 3 ஆண்டு இருக்க வேண்டும். பதிவேட்டை இயந்திரம் ஒழுங்காகவே எழுதும். ஆனால் ஒரே சீட்டைக் காட்டி நாலு முறை வாங்க வருபவரின் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படுமா? "வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்குமா?

நாப்கின், பஞ்சு, முகக்கவசத்துக்கு இயந்திரம் போதும். பெரிய ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர் கையாளும் கருவியாக உள்ளே இருக்கலாம். மச்சான் கடைக்கு ஆள்தான்.