வீட்டு வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றக் கொடுக்கப் போகிறீர்களா? 18,600 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பீரோ மேலும் பரண் மேலும் பழைய வீடியோ கேசட் வைத்திருக்கிற எல்லோருக்கும் இது போய்ச் சேர வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் மொத்தம் 13 கேசட். எட்டு பெரிய விஎச்எஸ்: 1997-இல் நடந்த அக்கா கல்யாணம் மூன்று, 2001-இல் என் கல்யாணம் மூன்று, தாத்தா சதாபிஷேகம் ஒன்று, அக்கா மகன் காதுகுத்து ஒன்று. மீதி ஐந்தும் மினி டிவி (MiniDV), அதாவது ஹேண்டிகேமில் போடுகிற சின்ன கேசட்; டெலிவிஷன் டிவி இல்லை. 2004-இல் அத்தான் சிங்கப்பூரிலிருந்து ஒரு ஹேண்டிகேம் வாங்கி வந்தார், அதில் எடுத்தவை. என் மகன் தவழ்ந்தது, முதல் பிறந்தநாள், கிரகப்பிரவேசம் எல்லாம் அதில்தான். அப்பா 2009-இல் போய்விட்டார். அவர் குரல் இருப்பது இந்த 13 கேசட்டில் மட்டும்தான்.

எங்கள் ஊரில் ஸ்டூடியோவும் ஜெராக்ஸும் சேர்ந்த மாதிரி ஒரு கடை. வாசலில் "பழைய கேசட்டுகள் பென்டிரைவில் மாற்றித் தரப்படும்" என்று போர்டு. கடையின் பெயரை நான் இங்கே போடவில்லை, ஏன் என்பது பின்னால் வரும். உள்ளே போனேன். மேஜை மேல் மூடி கழற்றிய விசிஆர், அதாவது கேசட் ஓட்டுகிற பெட்டி. கடைக்காரர் வெள்ளைத் தாளை ஸ்பிரிட்டில் நனைத்து, டேப்பைப் படிக்கிற உருளை ஹெட்டில் பட்டும் படாமலும் வைத்துச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். 90-களில் எங்கள் தெரு வீடியோக் கடை அண்ணன் அப்படித்தான் துடைப்பார். என் கேசட் ஒவ்வொன்றையும் வாங்கி, கண்ணாடி வழியே வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "இதுல ரெண்டுல பூஞ்சணம் புடிச்சிருக்குண்ணே. கிளீன் பண்ணாம போட்டா ஹெட்டும் போயிரும், மத்த கேசட்டுலயும் ஒட்டிரும்" என்றார். அது நூற்றுக்கு நூறு சரி. டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி தெரிந்தது.

"விசிஆரே இப்ப எவனும் செய்யறதில்லண்ணே, இது போச்சுன்னா எனக்கு வேற வழியில்ல. அதனால பாத்துப் பாத்துத்தான் போடுவேன்" என்றார். அதுவும் பொய்யில்லை. ஜப்பானில் கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த கம்பெனியே 2016-இல் நிறுத்திவிட்டது. அப்புறம் அக்கா கல்யாண கேசட்டை உள்ளே தள்ளினார். ஒரு பழைய டிவியில் படம் வந்தது. பந்தல் வாசலில் அப்பா நின்று யாரையோ பார்த்து, "சாப்பிடாமப் போகக் கூடாது, ஆமா" என்கிறார். பதினைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது அந்தக் குரலைக் கேட்டு. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிரும்போது அவர் கால்குலேட்டரில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அங்கேதான் விழுந்தேன். வேலை தெரியாதவன் கையில் கொடுத்து ஏமாந்தால்கூட மனசு ஆறும். இந்த ஆளுக்கு எல்லாம் தெரியும்.

கணக்கு இது: விஎச்எஸ் எட்டு, ஒன்று 1,200 வீதம் 9,600. மினி டிவி ஐந்து, ஒன்று 1,000 வீதம் 5,000. "ஏஐ கரெக்ஷன், 4கே கிளாரிட்டி" என்று 2,500. பென்டிரைவ் 1,500. ஆக 18,600 ரூபாய். பேரம் பேசவில்லை. அட்வான்ஸ் 10,000 அங்கேயே ஜிபே பண்ணினேன். ஒரு துண்டுச் சீட்டில் "கேசட் டு பென்டிரைவ், அட்வான்ஸ் 10,000" என்று கிறுக்கிக் கொடுத்தார். எத்தனை கேசட் என்று அதில் இல்லை. நானும் கேட்கவில்லை. பத்து நாளில் ரெடி என்றார்.

பத்து நாள் ஏழு வாரம் ஆனது. முதலில் "வரிசைல இருக்குண்ணே." அப்புறம் "பையன் ஊருக்குப் போயிருக்கான்." அப்புறம் "சிஸ்டம் ஹேங் ஆயிருச்சு, விண்டோஸ் போட்டுக்கிட்டு இருக்கோம்." அதற்கப்புறம் மூன்று வாரம் ஒரே பாட்டு: "ரெண்டரிங் ஓடிக்கிட்டு இருக்குண்ணே." படத்தைக் கம்ப்யூட்டர் ஃபைலாக்குகிற வேலைதான் ரெண்டரிங். அது மூன்று வாரமாக! இன்ஜினியரிங் படிக்கிற என் மகன் சிரித்தான். வாட்ஸ்அப்பில் கேட்டால் இரண்டு நீல டிக், கட்டை விரல் படம். நேரில் போனால், "இப்பத்தான் வெளிய போனாரு" என்று ஜெராக்ஸ் போடுகிற பெண் சொல்லும். அவர் செருப்பு வாசலில் கிடக்கும்.

போன வியாழக்கிழமை அவரே கூப்பிட்டார். லேப்டாப்பில் போட்டுக் காட்டினார். கல்யாண வீடியோவின் ஆரம்பம் எல்லோருக்கும் தெரியும்: ரோஜாப் பூ சுழன்று வரும், நடுவில் மணமக்கள் பெயர், பின்னால் நாதஸ்வரம். அந்த ஒரு நிமிஷம் ஜோராக இருந்தது. மீதி 8,600-ஐ ஜிபே பண்ணப் போனேன். "லிமிட் ஆயிருச்சுண்ணே, கேஷா குடுத்திருங்க" என்றார். ஏடிஎம் போய் எடுத்து வந்து கொடுத்தேன். புத்தி எங்கே போனது என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் டிவியில் சொருகினோம். எல்லோரும் குண்டாகத் தெரிந்தார்கள். பழைய டிவிக்கு எடுத்த நாலுக்கு மூன்று படத்தை இன்றைய அகலத் திரைக்கு இழுத்துவிட்டிருக்கிறார்கள். யாராவது கையை ஆட்டினால் கையோரம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகப் பிரிகிறது. மகன் விளக்கினான்: அந்தக் காலப் படம் நொடிக்கு ஐம்பது பாதிப் படமாக, ஒரு வரி விட்டு ஒரு வரியாகப் பதிவாகும், கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது அதைச் சரியாகச் சேர்க்க வேண்டும், டீஇன்டர்லேஸ் என்று எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஒரு ஆப்ஷன், அவ்வளவுதான். அதைக்கூடச் செய்யவில்லை. சத்தமோ போகப் போகப் பின்தங்குகிறது. அக்காவுக்குத் தாலி கட்டி முடித்து, அத்தான் உட்கார்ந்த பிறகு கெட்டிமேளம் கொட்டுகிறது!

என் கல்யாணத்தின் இரண்டாவது கேசட் நாற்பது நிமிஷம் ஓடிவிட்டு அப்படியே நீலத் திரை. அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் இருபது நிமிஷம் நீலம்தான். ராத்திரி போட்டுவிட்டுப் படுக்கப் போயிருக்கிறார்கள். கேசட்டை எடுத்து மூடியைத் தூக்கிப் பார்த்தேன். டேப் கசங்கி, அறுந்து, செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறது. சாதாரண செல்லோடேப்! அந்தப் பசை கசிந்தால் ஹெட் வீணாகும் என்று பூஞ்சணம் பற்றிப் பாடம் நடத்தியவருக்குத் தெரியாதா? காதுகுத்து வீடியோவின் குறுக்கே ஏதோ ஒரு சாஃப்ட்வேரின் "டிரையல் வெர்ஷன்" முத்திரை, குழந்தை முகத்தின் மேலேயே. காசு கொடுக்காத சாஃப்ட்வேரில் எக்ஸ்போர்ட் பண்ணியிருக்கிறார். அந்த "ஏஐ கரெக்ஷன்" 2,500 எங்கே போனது? அவரைத்தான் கேட்க வேண்டும்.

மினி டிவிதான் கொடுமையிலும் கொடுமை. அந்தச் சின்ன கேசட்டில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். கேமராவிலிருந்து ஃபயர்வயர் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு இழுத்தால் டேப்பில் இருப்பது அப்படியே இறங்கும், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. இவர் கொடுத்த ஒரு மணி நேரப் படம் 380 எம்பி. மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரைக் கேமராவில் சொருகி, படத்தைக் கம்ப்யூட்டரில் பிடிக்கச் சில நூறு ரூபாய்க்கு விற்கிற யூஎஸ்பி குச்சியில் பிடித்திருக்கிறார். எப்படித் தெரியும் என்கிறீர்களா? படம் முழுக்க மேல் மூலையில் பேட்டரிச் சின்னமும் டேப் ஓடுகிற நேரமும் தெரிகிறது. கேமராவில் டிஸ்ப்ளேயை அணைக்கக்கூட இல்லை. என் மகன் முதன்முதலில் எழுந்து நிற்கிறான், அவன் தலைக்கு மேல் பேட்டரி தீர்ந்துபோகப் போகிறது என்று மினுக் மினுக்கென்று எரிகிறது.

சனிக்கிழமை போய்க் கேட்டேன். "டேப்பு அப்படிண்ணே. இருபத்தஞ்சு வருச டேப்பு, என்ன வரும்?" என்றார். சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று மகன் கிளம்பினான். அவன் நண்பன் வீட்டில் ஃபயர்வயர் கார்டு போட்ட ஒரு பழைய டெஸ்க்டாப் கிடந்தது. எங்கள் ஹேண்டிகேமுக்கும் இன்னும் உயிர் இருக்கிறது. அதே பிறந்தநாள் கேசட்டைப் போட்டு இழுத்தார்கள். ஒரு மணி நேரம், 13 ஜிபி, பளிங்கு மாதிரி படம். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு எடுத்தது என்பதுகூட ஃபைலோடு இறங்கியிருக்கிறது. டேப்பில் ஒரு குறையும் இல்லை. இதற்குச் செலவான தொகை பூஜ்யம், நண்பனுக்கு வாங்கிக் கொடுத்த பரோட்டா தவிர. நான் அழுதது 18,600.

திரும்பி வந்து எல்லாக் கேசட்டையும் எண்ணியபோதுதான் அடுத்த இடி. பன்னிரண்டுதான் இருக்கிறது. கிரகப்பிரவேச கேசட் இல்லை. பென்டிரைவில் அந்தப் பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறது, திறந்தால் அதே பிறந்தநாள் வீடியோவின் காப்பி. கிரகப்பிரவேசத்தன்று அப்பா வீடு முழுக்கச் சுற்றிக் காட்டி, எந்த ஜன்னல் எந்த மரத்தில் செய்தது என்று பேசிக்கொண்டே வருவார். முக்கால் மணி நேரம் அவர் மட்டும்தான் பேசுவார்.

"நீங்க பன்னெண்டுதான் குடுத்தீங்க" என்கிறார். ஐந்து மினி டிவிக்கு 5,000 வாங்கினீர்களே என்றால், "அது பேக்கேஜ் ரேட்டுண்ணே." சீட்டைக் காட்டினால், "அதுல எண்ணிக்கை போட்டிருக்கா?" நேற்று சாயங்காலம் குரல் மாறியது. "அந்த 2,500-ஐ வேணும்னா திருப்பித் தரேன். கடை பேரு மட்டும் எங்கயும் எழுதிராதீங்க, கேசட்டைத் தேடிப் பாக்குறேன்." அதனால்தான் பெயர் இல்லை. எழுதினால் கேசட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவான் என்று அக்கா போனில் அழுகிறாள். அந்த 2,500-உம் இன்னும் வரவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் வழக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் கையில் இருக்கிற ஆதாரம் 10,000-க்கான ஜிபே மட்டும். ரொக்கமாகக் கொடுத்த 8,600-க்கு அவன் மனசாட்சிதான் சாட்சி.

சரி, சொன்ன மாதிரி கவனிக்க வேண்டியவை. எத்தனை கேசட், ஒவ்வொன்றும் என்ன என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரே ஒரு கேசட் கொடுங்கள், அதுவும் போனால் போகட்டும் என்கிற கேசட். மினி டிவி என்றால் ஃபயர்வயர் இருக்கிறதா என்று கேளுங்கள், முழித்தால் கிளம்பிவிடுங்கள். 4கே என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள், விஎச்எஸ்ஸில் இல்லாததை எவனாலும் வரவழைக்க முடியாது. ஆரம்பத்தைப் பார்க்காதீர்கள், நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பார்த்த பிறகு மீதிப் பணம். ரொக்கம் வேண்டவே வேண்டாம்.

இன்னும் இருக்கிறது, விஎச்எஸ்ஸை வீட்டிலேயே எப்படி ஏற்றுவது என்று மகனிடம் கேட்டு அப்புறம் எழுதுகிறேன். மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்குவார், அப்போது வாசலில் நின்றால்தான் ஆள் கிடைப்பார்.