குவெர்செடின் 500 மி.கி. கேப்சூல்: வாங்கும் முன் லேபிளில் பார்க்க வேண்டியவை

குவெர்செடின் என்பது வெங்காயம், ஆப்பிள் போன்றவற்றில் இயற்கையாக இருக்கும் மஞ்சள் நிறத் தாவரப் பொருள். அதன் கேப்சூல் டப்பாக்களின் முன்பக்கம் எல்லாம் ஒரே மாதிரிதான். பெரிய எழுத்தில் 500 மி.கி., அதன் கீழே வெங்காயமோ ஆப்பிளோ படம். அந்த எண்ணை வைத்து இரண்டு டப்பாக்களை ஒப்பிட முடியாது. 500 மி.கி. என்ன வடிவத்தில் இருக்கிறது, அதை எந்த முறையில் அளந்தார்கள் என்ற இரண்டு விவரங்களே சரக்கின் தரத்தைச் சொல்கின்றன. அவை இருந்தால் பின்பக்கத்துப் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

படத்தில் வெங்காயம் இருந்தாலும், சந்தைக்கு வரும் குவெர்செடினில் பெரும்பகுதி சோஃபோரா ஜப்பானிகா மரத்தின் விரியாத மொட்டுகளிலிருந்து வருகிறது. மொட்டில் நிறைந்திருப்பது ரூட்டின், அதாவது இரண்டு சர்க்கரைகளோடு இணைந்த குவெர்செடின். அதைப் பிரித்தெடுத்து, அமிலத்தில் கொதிக்கவைத்துச் சர்க்கரையைக் கழற்றினால் குவெர்செடின் கிடைக்கும். முறை நல்லதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கழற்றல் அரைகுறையாக முடிந்தால் பொடியில் ரூட்டின் தங்கிவிடும். ரூட்டினின் எடையில் ஏறத்தாழ பாதி சர்க்கரை. 'மொத்த ஃபிளவனாய்டு 95%' (ஃபிளவனாய்டு என்பது குவெர்செடின், ரூட்டின் எல்லாம் சேரும் தாவரப் பொருள் குடும்பம்) என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது அலுமினியம் குளோரைடு சேர்த்து நிறத்தை அளக்கும் முறையாக இருக்கக்கூடும். அந்த முறைக்கு ரூட்டினையும் குவெர்செடினையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. 'ஹெச்.பி.எல்.சி. மூலம் குவெர்செடின் 95%' என்று எழுதியிருப்பதே நம்பத்தக்கது; கலவையிலுள்ள ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே பிரித்து அளக்கும் ஆய்வக முறை அது. தொகுதி எண்ணுக்கான ஆய்வறிக்கையைக் கேட்டால் அனுப்பும் நிறுவனம் இன்னும் ஒரு படி மேல்.

அடுத்து நீர்க்கணக்கு. பெரும்பாலான கேப்சூல்களில் இருப்பது குவெர்செடின் டைஹைட்ரேட், அதாவது ஒவ்வொரு மூலக்கூறோடும் இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த வடிவம். மூலக்கூறு எடை குவெர்செடினுக்கு 302, டைஹைட்ரேட்டுக்கு 338. ஆகவே 500 மி.கி. டைஹைட்ரேட்டில் உண்மையான குவெர்செடின் சுமார் 447 மி.கி.தான். இதை மோசடி என்று சொல்ல முடியாது. ஆனால் 'டைஹைட்ரேட்டாக 500' என்பதும் 'டைஹைட்ரேட்டிலிருந்து குவெர்செடின் 500' என்பதும் வேறு வேறு. இரண்டாவதை எழுதுபவர்கள் குறைவு.

பெரிய சிக்கல் உடலுக்குள் போன பிறகுதான். குவெர்செடின் தண்ணீரில் கிட்டத்தட்ட கரையாது. 1995-ல் நெதர்லாந்தில் ஹோல்மன் குழுவினர், பெருங்குடல் அகற்றப்பட்டவர்களிடம் செய்த சோதனையில், வறுத்த வெங்காயத்திலிருந்த குவெர்செடின் கிளைகோசைடுகள் (சர்க்கரையோடு இணைந்த குவெர்செடின்) 52% உட்கிரகிக்கப்பட்டன. 100 மி.கி. தூய குவெர்செடினில் 24%, ரூட்டினில் 17%. குடலிலிருந்து வெளிவந்த கழிவில் மீளாததை வைத்துப் போட்ட கணக்கு இது. உள்ளே சிதைந்துபோனதும் அதில் சேர்ந்திருக்கலாம். இருந்தாலும் வரிசை முக்கியம். வெங்காயத்தில் குவெர்செடினோடு குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது. சிறுகுடல் சுவரிலுள்ள லாக்டேஸ் நொதி அதை அங்கேயே கழற்றிவிடுவதால் உட்கிரகிப்பு விரைவாக நடக்கிறது, ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் உச்சம் தொடுகிறது. ரூட்டினை அந்த நொதியால் தொட முடியாது. அது பெருங்குடல் வரை போய், பாக்டீரியா உடைத்துக் கொடுத்த பிறகே ஏறும், அதற்குப் பல மணி நேரம் ஆகும். விலை மலிவு என்று ரூட்டின் மாத்திரையை குவெர்செடினுக்கு மாற்றாக விற்பதை ஏற்க முடியாததற்குக் காரணம் இதுவே.

அப்படியானால் வெங்காயமே போதுமா? 100 கிராம் சிவப்பு வெங்காயத்தில் 40 மி.கி. அளவுக்கு உண்டு, வெள்ளை வெங்காயத்தில் ஏறக்குறைய இல்லை. அதுவும் வெளி அடுக்குகளில்தான் அதிகம். சருகோடு சேர்த்து இரண்டு அடுக்கைத் தடிமனாகச் சீவித் தள்ளினால் நல்ல பகுதி குப்பைக்குப் போய்விடும். வேகவைத்தால் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கும், ஆகவே அந்தத் தண்ணீரையும் சமையலில் சேர்க்க வேண்டும். சோதனைகளில் கொடுக்கப்பட்ட 500 மி.கி.க்கு மேற்பட்ட அளவை இப்படி எட்ட முடியாது. ஆனால் நாள்தோறும் உணவில் வருவது என்ற வகையில் வெங்காயத்தை எந்த கேப்சூலும் மிஞ்சவில்லை.

கரையாத குறையைத் தீர்க்க வந்ததுதான் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளோடு பிணைத்த ஃபைட்டோசோம் வகை. சாதாரணப் பொடியைவிட 20 மடங்கு வரை இரத்தத்தில் ஏறியதாக ஒரு சோதனை முடிவு உண்டு. ஒரே சோதனையின் உச்ச எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ளத் தேவையில்லை, ஆனாலும் முன்னேற்றம் மெய்யானது. இதிலும் லேபிளைக் கவனிக்க வேண்டும். '250 மி.கி.' என்பது லெசித்தின் சேர்ந்த கலவையின் எடை, அதில் குவெர்செடின் பாதிக்கும் குறைவு. விலை கூடுதலாக இருந்தாலும் வாங்குவதென்றால் இந்த வகையையே பரிந்துரைக்கலாம். சாதாரணப் பொடியே கையில் இருந்தால் வெறும் வயிற்றில் போட வேண்டாம். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் கூடுதலாக ஏறுகிறது. அன்னாசியிலிருந்து எடுக்கும் ப்ரோமெலைன் நொதி சேர்த்த கேப்சூல்களுக்கு உட்கிரகிப்பு கூடும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அதற்கு வலுவான மனிதச் சோதனை ஆதாரம் கிடையாது, அதற்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

பலன் என்ன? 2007-ல் வெளியான ஒரு சோதனையில் நாளைக்கு 730 மி.கி. வீதம் 28 நாள் கொடுத்தபோது, ஆரம்பநிலை உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் எண் 7, கீழ் எண் 5 அளவுக்குக் குறைந்தது. பின்னர் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் குறைவு 3 புள்ளி அளவில்தான் நின்றது. அழுத்த மாத்திரைக்கு மாற்றாக இது நிற்காது. 'ஒவ்வாமைக்கு', 'நோய் எதிர்ப்புக்கு' என்ற வாசகங்கள் பெரும்பாலும் ஆய்வகத் தட்டில் செல்கள் மேல் தூய குவெர்செடினை ஊற்றிப் பார்த்த முடிவுகளிலிருந்து பிறந்தவை. குடலும் கல்லீரலும் அதை குளுகுரோனைடு, சல்பேட் என்ற வேறு வடிவங்களாக மாற்றிவிடுவதால், இரத்தத்தில் தூய வடிவம் மிகச் சொற்பமே சுற்றுகிறது. தட்டில் பயன்படுத்தும் செறிவும் இரத்தத்தில் எட்டுவதைவிடப் பன்மடங்கு அதிகம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-ல் குவெர்செடினின் ஆரோக்கிய வாசகங்களுக்கு ஆதாரம் போதாது என்று ஒதுக்கியது சரியான முடிவு.

கேப்சூலைப் பிரித்து ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தூவிப் பார்க்கலாம். நல்ல பொடி பச்சை சாயலோடு மஞ்சளாக, கட்டி கட்டியாக மிதக்கும், தண்ணீருக்கு லேசான நிறமே ஏறும். உடனே தண்ணீர் முழுக்கப் பளிச்சென்ற மஞ்சளானால் வேறு நிறப்பொருள் கலந்திருப்பதாகச் சந்தேகிக்கலாம். ஆனால் இதில் தேறிவிட்டதாலேயே தூய்மை உறுதியாகிவிடாது. குப்பியை வெளிச்சமும் ஈரமும் படாமல் வைக்க வேண்டும்.

நாளைக்கு 1000 மி.கி. வரை சில வாரங்கள் எடுத்த சோதனைகளில் தலைவலி, கை கால் மதமதப்பு போன்ற லேசான தொல்லைகளே பதிவாகின. ஆனால் வார்ஃபரின் (இரத்தம் உறைவதைத் தடுப்பது), சைக்ளோஸ்போரின் (நோய் எதிர்ப்பை அடக்குவது), டிகாக்ஸின் (இதய மருந்து) எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஒவ்வாமைக்கான ஃபெக்ஸோஃபெனடின் இரத்தத்தில் கூடுவதும் மனிதச் சோதனையிலேயே தெரிந்திருக்கிறது. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். குவெர்செடின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் தன்மையுடையது. இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டையும் ஒரே வேளையில் சேர்க்காமல், காலையில் ஒன்று, இரவில் ஒன்று எனப் பிரித்துக்கொள்வது நல்லது.